மயூர் விஹார் பஸ் பெற்றோர் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேற்றும் பஸ்ஸில் உதவியாளர் இல்லை. எதிரே வரும் வண்டியே தெரியாத மூடுபனியில் எல்.கே.ஜி. குழந்தை ஒன்று தனியாக இறங்கிச் சாலையைக் கடந்திருக்கிறது. கேட்டதும் பகீரென்றது. கட்டணம் மட்டும் தேதி தவறாமல் வாங்குகிறார்கள்!

1997இல் உச்ச நீதிமன்றம் டெல்லிப் பள்ளிப் பேருந்துகளுக்குச் சொன்னதில் ஓட்டுநருக்குக் கனரக வாகனத்தில் 5 ஆண்டு அனுபவம், தகுதியான உதவியாளர் எல்லாம் உண்டு. பாதுகாப்பைப் பார்க்கப் பெற்றோரும் ஏறிப் போகலாம் என்பதும் அதில் இருக்கிறது. திங்கள் முதல் நான் ஏறுகிறேன். மற்ற நாட்களுக்கு யார்? இங்கேயே சொல்லுங்கள்.

அப்புறம், 5 நிமிடம் முன்னதாக நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். நாம் தாமதித்தால் டிரைவர் வேகத்தைக் கூட்டுகிறார்.