கண்ணால் கண்டதை எழுது, மக்களே

கிறிஸ்துவுக்குள் அன்பான மகனுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அப்பாவும் சுகம். மழை விட்டு இரண்டு நாளாகிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ பேசினதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அன்றைக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. மறுபடி போன் செய்தால் பாதியில் அழுதுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ வேலை பார்க்கிற கட்டடத்தில் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்த அந்த ஒடிசாப் பையனுக்கு இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. அவன் பாதுகாப்பு பெல்ட் கேட்டதும், "இருக்கிறதை வச்சு வேலையப் பாரு" என்று அவனை மேலே ஏற்றிவிட்டதும் உன் கண் முன்னால் நடந்திருக்கிறது. இப்போது அவன் குடித்திருந்தான் என்று விபத்து அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "நான் ஞாயிறு தவறாம கோயிலுக்குப் போறேன், தசமபாகம் கொடுக்கறேன், யாருக்கும் கெடுதல் நினைக்கல. இதுல என்னை ஏம்மா மாட்டி விடுறாரு ஆண்டவர்?" என்று கேட்டாய்.

நேற்று உன் மாமாவிடம் கேட்டேன். வக்கீல் என்பதால் விளக்கமாகவே சொன்னான். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923-இல். வேலையில் அடிபட்டவனுக்கு முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். ஆனால் போதையால்தான் விபத்து நடந்தது என்று காட்டிவிட்டால், உயிர் போகாத, நிரந்தரமாக முழுதும் முடங்கிப்போகாத காயத்துக்கு ஒன்றும் கொடுக்க வேண்டியதில்லையாம். அந்த ஒரு வார்த்தைக்காக உன்னை ஏன் இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்று இப்போது விளங்குகிறதா? அது வெறும் பொய் இல்லை, மக்களே. எழுந்து நிற்க முடியாமல் கிடக்கிறவனுடைய சட்டைப் பையில் கைவிடுகிற வேலை அது.

நம் சபையில் சாட்சி என்றால் என்ன? மைக்கைப் பிடித்து, வியாதி சுகமானதை, மகனுக்கு வேலை கிடைத்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் என்று முடிப்போம். நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், அதில் தப்பில்லை. ஆனால் கோர்ட்டில் கேட்கிற சாட்சியும் அதே சொல்தான். கண்ணால் கண்டதைச் சொல்வது. ஆண்டவர் உன்னை மாட்டிவிடவில்லை. அந்தப் பையனுக்கு அங்கே பாஷை தெரிந்த ஒரு சாட்சி வேண்டியிருந்தது, நீ அங்கே நின்றாய். "ஊமையனுக்காகவும் திக்கற்றவர்கள் எல்லாருடைய நியாயத்துக்காகவும் உன் வாயைத் திற" என்று நீதிமொழிகள் 31-இல் இருக்கிறது. குடும்ப ஜெபத்தில் நீயே எத்தனை முறை வாசித்திருக்கிறாய்.

உனக்கு இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்று இரண்டு நாளாக யோசித்தேன். இதுவரை உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

1996-ஆம் வருஷம். நீ பிறக்கவில்லை. நான் நர்ஸாக வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில் எச்.ஐ.வி. என்று ஒரு லாரி டிரைவரைச் சேர்த்தார்கள். வராந்தாக் கடைசியில் தனிக் கட்டில். கேஸ் ஷீட்டில் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வைத்திருந்தது. அவர் சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துக் காலால் உள்ளே தள்ளுவார்கள். கஞ்சி தளும்பித் தரையில் கொட்டும். அவரால் குனிந்து எடுக்க முடியாது. தொட்டால் ஒட்டாது என்று எங்களுக்குப் பாடமே எடுத்திருந்தார்கள். ஆயாமார்களைக் கூட்டிவைத்து அதைத் திருப்பிச் சொன்னவளே நான்தான். ஆனாலும் என் டூட்டியில் அந்தத் தட்டை வாசலில் வைத்துவிட்டு நானும் போனேன், மூன்று நாள். சாயங்காலம் குளித்துவிட்டு கொயர் பிராக்டிஸுக்கும் போனேன்.

நாலாம் நாள் எங்கள் வார்டு ஆயா கதவைத் திறந்து உள்ளே போனாள். தட்டை எடுத்தாள், தரையைத் துடைத்தாள், கட்டிலில் உட்கார்ந்து அவர் தலையைத் தன் கைமடியில் தாங்கி ஸ்பூனால் ஊட்டினாள். கஞ்சி வழிந்த தாடையைத் தன் முந்தானையால் துடைத்தாள். "உனக்குப் பயமா இல்லியா?" என்று வாசலில் நின்றபடியே கேட்டேன். அவள் திரும்பிப் பார்த்து, "சோறு ஊட்டினா ஒட்டாதுன்னு நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க" என்றாள். அவள் நம் சபைக்காரி இல்லை, கிறிஸ்தவளும் இல்லை.

மறுநாளிலிருந்து நானே ஊட்டினேன். பதினோரு நாள். அப்புறம் அவர் போய்விட்டார். அந்த முதல் மூன்று நாளை மட்டும் என்னால் எந்த ஜெபத்திலும் கடந்துபோக முடியவில்லை. உனக்கும் அப்படி ஒரு மூன்று நாள் வரக்கூடாது.

நெய்யூரில் நாங்கள் படிக்கும்போது சாமர்வெல் டாக்டரைப் பற்றிச் சொல்வார்கள். 1922-இல் எவரெஸ்ட் ஏறப் போன கூட்டத்தில் அவரும் ஒருவர். அது முடிந்து ஊரைச் சுற்றிப் பார்க்கிறவராக நெய்யூருக்கு வந்திருக்கிறார். ஒரே ஒரு சர்ஜன், வாசலில் அத்தனை நோயாளிகள். அதைப் பார்த்தபிறகு லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். பார்த்துவிட்டால் பாராத மாதிரி போக முடியாது.

அதற்கும் முந்தி, நம் வீட்டுப் பெண்கள். தோள்சீலைக் கதையை ஆச்சி உனக்குச் சொல்லியிருப்பாள். மார்பை மறைத்ததற்காக அவர்களை அடித்ததும் துணியைக் கிழித்ததும் சந்தையிலும் ரோட்டிலும். கோயிலுக்குள்ளே மட்டும் உடுத்திக்கொண்டு, வெளியே போகும்போது கழற்றிவைத்திருந்தால் அத்தனை அடி விழுந்திருக்காது. அவர்கள் உடுத்திக்கொண்டே சந்தைக்குப் போனார்கள். 1859 ஜூலையில் திருவிதாங்கூர் மகாராஜா உத்தரவு போடுகிறவரை முப்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பாடு. அந்தச் சீலையைத்தான் நாம் இன்று ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி போட்டு உடுத்துகிறோம்.

வேலை போய்விடுமா என்றால், போகலாம். போகாது என்று நான் பொய்யாக தைரியம் சொல்ல மாட்டேன். ஹோம் லோன் இருக்கிறது, தெரியும். அப்பாவுடைய பென்ஷனும் என்னுடையதும் வருகிறது. ஆறு மாதம் நாங்கள் கட்டுவோம். அப்பாவே சொல்லச் சொன்னார். தங்கச்சி கல்யாணத்தை நினைத்து நீ அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டாம். அவளிடமும் பேசிவிட்டேன். "அண்ணன் அப்படிப் போட்டா எனக்கு அந்த நகை வேண்டாம்" என்கிறாள்.

யாரிடமும் சண்டைக்குப் போகாதே. கத்தாதே, வசனம் சொல்லி அவர்களை நியாயந்தீர்க்கவும் செய்யாதே. அந்தக் காண்ட்ராக்டருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும். உன் மேலதிகாரியைப் பார்த்து, "நான் கண்டதை மட்டும்தான் எழுத முடியும் சார்" என்று மரியாதையாகச் சொல். தேதி, நேரம், அவன் பெல்ட் கேட்டது, கொடுக்காதது, எவ்வளவு உயரம், அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். கையெழுத்துப் போட்டதும் போட்டோ எடுத்து மாமாவுக்கு அனுப்பு. எழுதுமுன் முழங்கால் போடு. நாங்களும் இங்கே போட்டுக்கொண்டுதான் இருப்போம்.

இன்னொன்று. ஆஸ்பத்திரியில் அவனுக்குத் துணைக்கு யாரும் இல்லை என்றாயே, அது என்னை ரொம்பப் படுத்துகிறது. இடுப்பெலும்பு உடைந்தவனைப் புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப்புண் வரும், ஒருதரம் வந்தால் லேசில் ஆறாது. எப்படிப் புரட்டலாம் என்று டாக்டரைக் கேட்டு நானே பார்த்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் டிக்கெட் போட்டாயிற்று. வெள்ளி காலை தாம்பரத்தில் இறங்குகிறேன். அவன் பேர் என்ன, கஞ்சி கொடுக்கலாமா, இதை மட்டும் விசாரித்து வை.

அன்புடன்,
அம்மா