செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: சிங்கப்பூரில் பிடிபட்டவர்களைத் தேடிய வருடம்

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, குடும்பத்தாரே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். மாதக் கூட்டங்கள் நடந்தன. மழை கொட்டிய டிசம்பரில் மட்டும் கூட முடியவில்லை. நவம்பரில் ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்று முகாம் போட்டோம். விரல் ரேகை தேய்ந்த பெரியவர்களை இயந்திரம் ஏற்கவில்லை. கைபேசியில் முகம் காட்டிப் பதிவு செய்து அனுப்பினோம். கொடிநாள் வசூலைக் கட்டி ரசீது வாங்கியாகிவிட்டது. கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இந்த வருடம் நம் முன்னாள் ராணுவத்தினர் சங்கத்தின் பெரும்பகுதி நேரம் ஒரே வேலையில் போனது. அதைத்தான் விரிவாகச் சொல்லப் போகிறேன். பஜ்ஜி ஆறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த மறுநாள் ஓர் உறுப்பினர் வீட்டுக்கு வந்தார். "சார், எங்க தாத்தா நேதாஜி படையில இருந்தவரு. சங்கத்து லெட்டர்பேடுல ஒரு சர்டிபிகேட் கொடுங்க, போதும்" என்றார். என்ன ஆதாரம் இருக்கிறது என்று கேட்டேன். "சிங்கப்பூர்ல பிடிபட்டாரு சார், அது ஊருக்கே தெரியும்."

நம் பக்கத்தில் இது புதிதல்ல. சிங்கப்பூரில் பிடிபட்டு உயிரோடு திரும்பியவர் என்றால் ஐ.என்.ஏ.காரர், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர், என்றே பேரப்பிள்ளைகள் நம்புகிறார்கள். 1972இல் தியாகிகள் பென்ஷன் வந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் பலப்பட்டது என்பது என் அபிப்பிராயம். உண்மையில் நடந்தது அவ்வளவு நேர்க்கோடு இல்லை. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. 17ஆம் தேதி ஃபாரர் பார்க் மைதானத்தில், இன்று நம் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை சாமான் வாங்கப் போகிற சிராங்கூன் சாலைக்குப் பக்கத்தில், நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களை வெள்ளைக்காரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாரா பேசினார், அவர்கள் பக்கம் சேர்ந்த இந்தியக் கேப்டன் மோகன் சிங் பேசினார். ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. சேராதவர்களும் ஆயிரக்கணக்கில் உண்டு. சேராதவர்களில் பலரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு வடக்கே உள்ள நியூ கினியாவுக்கும் நியூ பிரிட்டன் தீவுக்கும் கூலி வேலைக்கு அனுப்பினார்கள். இவர்களைப் பற்றி நம் ஊரில் யாரும் மேடையில் பேசி நான் கேட்டதில்லை.

அதனால் சர்டிபிகேட் கொடுக்க முடியாது, தேடித் தர முடியும் என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் அடுத்த வாரமே தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெட்டியில் ஒரு போட்டோ, பூஞ்சை பிடித்த ஒரு பெல்ட், மூன்று பதக்கங்கள். காகிதம் ஒன்றுகூட இல்லை, கறையான் முந்திக்கொண்டது. தொடங்குவதற்கு இந்தப் பதக்கங்கள் போதும் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்களை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறிக்காமல்தான் கொடுத்தார்கள். இந்திய ராணுவத்தாரில் பலருக்கு எண், பதவி, பெயர் எல்லாம் பொறித்து வந்தன. நட்சத்திரப் பதக்கம் என்றால் பின்பக்கம் பார்க்க வேண்டும், வட்டப் பதக்கம் என்றால் விளிம்பில்.

ஆனால் அந்த வீட்டு அம்மா, பெரியவரின் மகள், ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் புளி போட்டுத் தேய்த்திருக்கிறார். பளபளவென்று இருக்கிறது, எழுத்துதான் பாதி இல்லை. வெயிலில் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்தும் சரிப்படவில்லை. அப்புறம் மெல்லிய காகிதத்தை விளிம்பில் சுற்றிப் பென்சிலைப் படுக்கவைத்து உரசினோம். முதலில் 'எஸ்.பி.ஆர்.' தெரிந்தது, அதாவது சாப்பர், ராணுவப் பொறியியல் பிரிவின் சிப்பாய். பிறகு எண். கடைசி இலக்கம் மூன்றா எட்டா என்று ஒரு மாலை முழுக்கத் தகராறு. நட்சத்திரத்தின் முதுகில் அது எட்டு என்று தெளிவாக இருந்தது.

மூன்றில் ஒன்று பசிபிக் ஸ்டார். பர்மா ஸ்டார் என்றால் கதை வேறு பக்கம் போயிருக்கும். 1941 டிசம்பர் 8 முதல் சிங்கப்பூர் விழுந்த நாள் வரை மலாயாவில் சண்டையிட்டவர்களுக்குப் பசிபிக் ஸ்டார்தான் உண்டு. ஆக, பெரியவர் 'தம்பி' என்று பட்டாளத்தில் அழைக்கும் மெட்ராஸ் சாப்பர்களில் ஒருவர், மலாயாவில் இருந்தவர். இவ்வளவையும் ஒரு பென்சில் சொல்லிவிட்டது.

ஆவணத்துக்கு எழுதியதில் முதல் கடிதம் எங்கள் தவறால் வீணானது. மெட்ராஸ் என்ற வார்த்தையைப் பார்த்துவிட்டு வெலிங்டனுக்கு அனுப்பிவிட்டோம். அங்கே இருப்பது மெட்ராஸ் ரெஜிமென்ட். சாப்பர்களின் மையம் பெங்களூரில், அல்சூர் ஏரிப் பக்கம். நான் முப்பது வருடம் பட்டாளத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன், நானே இந்தத் தப்பைச் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே எழுதி மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு ஒரு பக்கம் வந்தது. ஜப்பானியரிடம் போர்க்கைதி, 15.2.42 முதல். மீட்கப்பட்ட இடம் நியூ பிரிட்டன், 1945 செப்டம்பர். கீழே 'வெள்ளை' என்று ஒரு சொல்.

அந்தச் சொல்லுக்கு விளக்கம் தேவை. திரும்பி வந்த கைதிகளை விசாரித்து வெள்ளை, சாம்பல், கருப்பு என்று பிரித்தார்கள். ஐ.என்.ஏ. பக்கம் போகாதவர் வெள்ளை. ஆக, தாத்தா நேதாஜி படையில் இருந்தவர் இல்லை.

இதைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. பேரன் ஒன்றும் பேசாமல் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கத்தாரையும் நான் குறைத்துப் பேச வரவில்லை. கொடுத்த சத்தியத்தை மீறமாட்டேன் என்றவரும் இருந்தார். நாட்டுக்காக மீறுகிறேன் என்றவரும் இருந்தார். வெறும் வயிற்றுக்காக முடிவெடுத்தவரும் இருந்திருப்பார். இவர் ஏன் சேரவில்லை என்பதற்கு எந்தக் காகிதமும் இல்லை.

நியூ கினியாவின் வேவாக் பக்கம் கொண்டுபோன சுமார் மூவாயிரம் இந்தியக் கைதிகளில் பிழைத்தவர்கள் மிகச் சொற்பம். ஃபிரான்டியர் ஃபோர்ஸ் ரெஜிமென்ட்டின் ஜமேதார் சிந்த் சிங்கும் அவரோடு பத்துப் பேரும் அங்கோரம் என்ற இடத்தில் மீட்கப்பட்டார்கள். ஊர் திரும்பும் வழியில் விமான விபத்தில் அந்தப் பத்துப் பேரும் போய்ச் சேர்ந்தார்கள். ஜப்பானியர் மீதான வழக்கில் சாட்சி சொல்ல நிறுத்திவைத்ததால் சிந்த் சிங் தப்பினார். நம் பெரியவர் இருந்த நியூ பிரிட்டன் பக்கம் கொஞ்சம் தேவலை. 1945 செப்டம்பர் 6 அன்று ரபவுல் கடலில் ஜப்பானியர் சரணடைந்தபோது அந்தத் தீவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் உயிரோடு இருந்தார்கள். அவர்களை ஆஸ்திரேலியர்கள் எடுத்த படங்கள் கான்பெராவில் உள்ள போர் நினைவகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விலா எலும்பை எண்ணலாம். நம் பெரியவரை அவற்றில் அடையாளம் காண முடியவில்லை.

படங்களை மகளிடம் காட்டினோம். எழுபத்தெட்டு வயது. நெடுநேரம் பார்த்துவிட்டு, "எங்க நைனா மரவள்ளிக்கெழங்க வீட்டுக்குள்ளயே விடமாட்டாரு. அவிக்கிற வாசன வந்தா எழுந்து ஏரிக்கரைக்குப் போயிடுவாரு. பித்தம்னு அம்மா சொல்லும்" என்றார். ஜப்பானியர் காலத்தில் அங்கே பலருக்கு அரிசி போய்க் கிழங்குதான் சோறு என்று சொன்னேன். அவர் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இனிமேல் பதக்கத்துக்குப் புளி போடமாட்டேன் என்று மட்டும் சொன்னார்.

இந்தச் செய்தி பரவியதும் இன்னும் மூன்று குடும்பங்கள் வந்தன. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அந்த வீட்டில் அண்ணன் தம்பி இருவர் போனார்கள், தம்பி முனுசாமி திரும்பவில்லை. யாரோ ஒரு புரோக்கர் கணிசமான தொகை வாங்கிக்கொண்டு, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பக்கம் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்திருந்தார். அது யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கக்கூடியது. அதுவும் வேறொரு முனுசாமியின் பக்கம்! இந்தப் பெயரை வெள்ளைக்காரக் குமாஸ்தாக்கள் எத்தனை விதமாக எழுதினார்கள் என்பதற்குத் தனி அறிக்கை வேண்டும். பெயரில் தேடாமல் ஊரில் தேடினோம். அந்தப் பதிவுகளில் பலருக்குத் தகப்பன் பெயரும் கிராமமும் உண்டு. மாவட்டம் மட்டும் பழைய 'நார்த் ஆர்காட்' என்றிருக்கும். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தேடினால் ஒன்றும் வராது.

கிடைத்தார். சிங்கப்பூரின் கிராஞ்சி போர் நினைவகத்தில், எந்தத் தூண் என்பது உட்பட. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் நம் உறுப்பினரின் மகன் ஒரு ஞாயிறு மதியம் கிராஞ்சி ஸ்டேஷனிலிருந்து நடந்தே போனான். கல்லறை இல்லாத இருபத்து நாலாயிரம் பேருக்கும் மேல் அங்கே தூண்களில் பெயர் இருக்கிறது. நம்மவர் பெயர் தலைக்கு மேலே உயரத்தில் இருந்ததால் கைபேசியை நீட்டிப் பெரிதாக்கி எடுத்து அனுப்பினான். படத்தில் அவன் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது. அதை வெட்ட வேண்டாம் என்று குடும்பத்தார் சொல்லிவிட்டார்கள்.

பதிவில் இறந்த தேதி 15.2.1942. சரணடைந்த அந்தத் தேதியே இன்னும் பலர் பெயருக்கு எதிரிலும் இருக்கிறது, ஆகவே அதை அப்படியே நம்ப வேண்டாம் என்று எச்சரித்தேன். அவர்கள் பஞ்சாங்கத்தை எடுத்தார்கள். விஷு வருடம், மாசி அமாவாசை. நாள் தெரியாததால் இத்தனை வருடமும் ஆடி அமாவாசையில் திதி கொடுத்துவந்த குடும்பம், இந்த மாசியில் பாலாற்றங்கரையில் கொடுத்தது. என்னையும் கூப்பிட்டார்கள், போயிருந்தேன்.

வரும் ஆண்டில் மீதி இரண்டு குடும்பங்களின் தேடல் தொடரும். பூதக்கண்ணாடி ஒன்று வாங்க 450 ரூபாய் செயற்குழு அனுமதித்தது. ரசீது கணக்கில் உள்ளது. வீட்டில் பழைய பதக்கம், பாஸ்புக், மணியார்டர் துண்டு எது இருந்தாலும் இரண்டாவது ஞாயிறு காலை கொண்டுவாருங்கள். துடைக்காமல் கொண்டுவாருங்கள். இந்த அறிக்கையை ஏற்றுத் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்