பாப்பாவுக்கு, மலைக்குகையிலிருந்து

அன்புள்ள பாப்பா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது நாம் பேசியது இரண்டு நிமிஷம்கூட இருக்காது. நன்றாக இருக்கிறேன் அப்பா என்றாய். அம்மாவிடம் கொடுங்கள் என்றாய். முந்தின வாரமும் அப்படித்தான். அதற்கு முந்தின வாரம் போனே வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. வேலை இருந்திருக்கும். வேலையைப் பற்றி நான் எதுவும் கேட்கப்போவதும் இல்லை. தம்பி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவனைக் கோபித்துக்கொள்ளாதே.

நேரத்தோடு தூங்கு. போனில் உன் குரல் தூங்காதவள் குரல் மாதிரி இருந்தது.

நான் எழுதுவது வேறு ஒரு விஷயத்துக்காக. உன்னுடைய பழைய வீடியோ கேம் செல்டாவை நான் ஆடிக்கொண்டிருக்கிறேன். மாமா கொடுத்தாரே, அந்த சூப்பர் நிண்டெண்டோவில்தான். அலமாரிக்கு மேலே உன் பெட்டியில் எல்லாம் அப்படியே இருந்தது. கேசட்டைத் திறந்து பேட்டரியை மாற்றிக் கொடுத்தது தம்பி. காசு மாதிரி வட்டமாக ஒரு பேட்டரி, உள்ளே பற்றவைத்திருக்கிறார்கள். ஆடியதைச் சேமித்து வைத்திருப்பது அதுதான். பழையதை மீட்டரில் வைத்துப் பார்த்துவிட்டு, "இதில் இன்னும் கொஞ்சம் உயிர் இருக்கிறதே அப்பா" என்றான். நான் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் மலையைப் பற்றிச் சொல்கிறேன். ஆட்டம் தொடங்கியதும் மழையில் ஒரு பெரியவர் கத்தியோடு வெளியே போகிறார். வீட்டைவிட்டு வெளியே வராதே என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார். பிள்ளை வெளியே போனால்தான் கதையே நகர்கிறது. நீ ஆடும்போது பக்கத்து அறையில் உட்கார்ந்து அந்த மழைச் சத்தத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன், ஒரு நாளாவது எட்டிப் பார்த்திருக்கலாம். கிழக்கு மாளிகையை முடிக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. பாலைவனத்துக்கு இன்னும் அதிகம். அங்கே பவர் கிளவ் என்ற கையுறை கிடைத்த பிறகுதான் மலையடிவாரத்தில் குகை வாசலை அடைத்திருக்கும் கல்லைத் தூக்க முடிகிறது.

குகைக்குள் ஒரே இருட்டு. கையில் விளக்கு இருந்தாலும் முகம் திரும்பியிருக்கும் பக்கம் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம். பின்னால் என்ன இருக்கிறது, பக்கத்தில் பள்ளம் இருக்கிறதா, தெரியாது. அங்கே ஒரு கிழவர் நிற்கிறார், உனக்கு நினைவிருக்கும். விளக்கைத் தொலைத்துவிட்டாராம். என்னையும் கூட்டிக்கொண்டு போ என்கிறார். கூட்டிக்கொண்டு நடந்தால், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பின்னாலிருந்து அவர் சொல்லிக்கொண்டே வருகிறார். வழி அவருக்குத் தெரியும், வெளிச்சம் அவரிடம் இல்லை. நான் அந்தக் குகையில் வழி தவறி மூன்று முறை சுற்றினேன். ஒரு முறைகூட அவர் சலித்துக்கொள்ளவில்லை. வெளியே வந்து அவர் குகையில் கொண்டுபோய் விட்டதும், இருட்டு உலகத்திலிருந்து இந்த உலகத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் அந்த முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொடுத்தார். அதற்குப் பிறகு எப்போது போய்ப் பேசினாலும், மிச்சமிருக்கும் உயிரைக் காட்டும் இதயங்களை நிரப்பி அனுப்புகிறார். இப்போதெல்லாம் அடிபட்டால் நேராக அங்கேதான் போகிறேன்.

நீயும் அடிபட்டால் எங்காவது போய் உட்கார வேண்டும் பாப்பா. அடிபட்டபடியே ஏறிக்கொண்டிருக்கக் கூடாது.

உன் கணக்கு நோட்டும் அந்தப் பெட்டியில் இருந்தது. கட்டம் போட்ட நோட்டு. பக்கம் பக்கமாக வரைபடம். டெத் மவுண்டன் என்ற அந்த மலை முழுவதையும் பென்சிலில் வரைந்திருக்கிறாய். உருண்டு வரும் பாறைகளுக்குச் சின்னச் சின்ன வட்டம், ஏணிக்குக் கோடு. மூக்குக் கண்ணாடி போலிருக்கும் அந்தப் பெரிய பாறைமேல் எப்படி ஏறுவது என்று எனக்குப் புரியவே இல்லை. நாலு நாள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மினுமினுக்கும் அந்த இடத்தில் கால் வைத்தால் இருட்டு உலகத்துக்குப் போய் முயலாகிவிடுகிறேன். கையில் கத்தி இருந்தும் வீச முடியவில்லை. பயந்து உடனே கண்ணாடியைப் பயன்படுத்தித் திரும்பிவிடுவேன். உன் நோட்டில் அந்த உலகத்துத் தரையில் இருக்கும் மூக்குக் கண்ணாடிக் கோட்டை வரைந்து, நடுவில் அம்புக்குறி போட்டு, "இங்கே நின்று கண்ணாடி" என்று எழுதியிருக்கிறாய். முயலாகவே அங்கே நடந்து போய்க் கண்ணாடியைக் காட்டினேன். இந்த உலகத்தில் பாறையின் உச்சியில் நின்றேன்.

பதினாலு வயசில் இதை யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது? யாரும் இல்லை. நீயே கண்டுபிடித்திருக்கிறாய். ஜப்பானில் 1991 நவம்பரில் வந்த ஆட்டம் இது, அமெரிக்காவுக்கு அடுத்த வருஷம் வந்தது என்று தம்பி சொன்னான். மியாமோட்டோவும் டெசுக்காவும் செய்தார்களாம், இசை கோஜி கோண்டோவாம். உனக்கு இதெல்லாம் அப்போதே தெரிந்திருக்கும், எங்களிடம்கூடச் சொல்லியிருப்பாய். நான் காது கொடுத்திருக்க மாட்டேன். எவ்வளவு மூளை என்று நோட்டை அம்மாவிடம் காட்டினேன். அம்மா ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துவிட்டு, "கணக்கு ஒன்றுகூட இல்லையே" என்றாள். அது உண்மைதான், அதையும் சொல்லத்தான் வேண்டும். கணக்கு போட வேண்டிய நோட்டில் மலையை வரைந்தால் மார்க் எப்படி வரும்? அந்த வருஷம் உன்னை நினைத்து நாங்கள் பட்ட கவலை கொஞ்சநஞ்சம் இல்லை. இருந்தாலும் அந்த வரைபடம் நன்றாக இருக்கிறது. சட்டம் போட்டு மாட்டலாம் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாறைக்கு மேலே இருக்கும் ஹீரா கோபுரத்துக்குள் போனேன். நுழையும் தளத்துக்குக் கீழே ஓர் அறையில் நாலு தீப்பந்தம். ஒன்றை ஏற்றிவிட்டு அடுத்ததற்குப் போவதற்குள் முதலாவது அணையப் பார்க்கிறது. வேகமாக நாலையும் ஏற்றினால் பெட்டி தோன்றும், பெரிய சாவி அதில் இருக்கும். விளக்கால் பந்தம் ஏற்றும்போதெல்லாம் பச்சைக் கோடு குறைகிறது, மந்திரச் சக்தி தீர்ந்துபோனால் வெறும் கைதான். எனக்கு மூன்று முறை தீர்ந்தது. நீ ராத்திரி பகலாக எல்லாப் பக்கமும் ஓடி ஓடி எரிய வைத்துக்கொண்டிருக்கிறாயோ என்று அப்போது நினைத்தேன். நேரத்தோடு தூங்கு பாப்பா.

மேலே ஆரஞ்சுக் கட்டை, நீலக் கட்டை. படிகத்தை அடித்தால் ஒன்று இறங்கி மற்றது ஏறும். நட்சத்திரக் கல்லை மிதித்தால் தரையில் ஓட்டைகள் இடம் மாறும். மூன் பேர்ல் என்ற முத்து இருக்கும் பெட்டிக்கு நடந்து போக வழி கிடையாது. மேல் தளத்தில் சரியான ஓட்டையைப் பார்த்து விழ வேண்டும். விழுந்தால்தான் அங்கே போய்ச் சேரலாம். இதைக் கண்டுபிடிக்க உன் நோட்டு இல்லாமல் எனக்கு ஒரு வருஷம் ஆகியிருக்கும். "இங்கிருந்து விழு" என்று எழுதி இரண்டு கோடு போட்டிருக்கிறாய். விழுந்தேன். அந்த முத்து கிடைத்துவிட்டால் இனி இருட்டு உலகத்துக்குப் போனாலும் முயலாக மாற வேண்டியதில்லை.

உச்சியில் மோல்டார்ம் என்ற பெரிய புழு. உன் நோட்டின் கடைசி வரைபடம் அதுதான். புழுவை வரைந்து, வாலில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் "வால் மட்டும். ஓரம் வேண்டாம்". அவ்வளவுதான், அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் காலி.

பதினொரு முறை போனேன். வாலைத் தவிர எங்கே அடித்தாலும் அது என்னைத் தள்ளிவிடுகிறது. அடிபட அடிபட அதன் வேகம் கூடுகிறது. ஓரத்துக்குப் போனால் தீர்ந்தது, கீழ்த் தளத்தில் போய் விழுகிறேன். மறுபடி படியேறி வந்தால், நான் கொடுத்த அடி ஒன்றுகூட அதன்மேல் இல்லை. முழுசாக இருக்கிறது. எனக்கு மட்டும் இதயம் குறைந்திருக்கிறது. ஒரு நாள் வெறுத்துப்போய் டிவியை அணைத்துவிட்டுப் படுத்தேன். தூக்கம் வரவில்லை. நீயும் இப்படித்தான் விழுந்து விழுந்து ஏறியிருப்பாய். ஒரு நாள்கூட நீ எங்களிடம் புலம்பியதில்லை. பாட்டிலில் ஒரு தேவதையை வைத்துக்கொண்டு போ, செத்தாலும் எழுப்பிவிடும் என்று தம்பி சொல்கிறான். நீயும் யாரையாவது பக்கத்தில் வைத்துக்கொள். தோழி யாராவது. ஓரத்தில் நிற்காதே.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். எழுதி எழுதி ஏழு பக்கம் கிழித்துவிட்டேன், இதை அம்மாவுக்குக்கூட நான் சொன்னதில்லை.

அந்த வருஷம் உன் கணக்குப் பேப்பரை நான் பார்த்துவிட்டேன். நோட்டுக்குள் மடித்து வைத்திருந்தாய். அன்று ஆபீசில் எல்லார் முன்னாலும் நிற்க வைத்து என்னைக் கேட்ட கேள்விகள், அதற்கு நான் வாய் திறக்காமல் நின்றது, அதையெல்லாம் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தவன், அந்தப் பேப்பரைப் பார்த்தேன். நீ தூங்கிவிட்டாய். எழுப்பித் திட்டியிருக்கலாம். எழுப்பவில்லை. டிவியைச் சத்தமில்லாமல் போட்டேன். ஆட்டத்தைச் சேமித்து வைக்க மூன்று இடம், முதல் இடத்தில் உன் பெயர். பக்கத்தில் நீ சேர்த்து வைத்திருந்த இதயங்கள். கீழே இரண்டு வரி. காப்பி பிளேயர். கில் பிளேயர், அதாவது சேமித்த ஆட்டத்தை அழித்துவிடுவது. அந்த வார்த்தையைப் படித்தேன், பாப்பா. படித்த பிறகுதான் அழுத்தினேன்.

காலையில் நீ ஆட உட்கார்ந்து, கையில் கன்ட்ரோலரோடு அப்படியே இருந்தாய். எதுவும் கேட்கவில்லை. நானாகத்தான் வந்து, பேட்டரி தீர்ந்திருக்கும், பழைய கேசட்டில் அப்படி ஆகும் என்றேன். நீ நம்பினாய். துணியால் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாய். அப்புறம் அதை எடுக்கவே இல்லை. நல்லவேளை, படிப்பில் கவனம் வந்துவிட்டது என்று நான் உறவுக்காரர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

கவனம் வந்தது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு நீ என்னிடம் நல்ல மார்க்கை மட்டும்தான் காட்டினாய். கெட்டது எதையும் காட்டியதில்லை. அன்று நீ பேட்டரியை நம்பினாயா, அல்லது தெரிந்துகொண்டே நம்பியதுபோல இருந்தாயா என்று தம்பி மீட்டரைக் காட்டிய நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நன்றாக இருக்கிறேன் அப்பா என்று நீ சொல்லும்போது அந்தக் காலை நேரம்தான் எனக்கு ஞாபகம் வருகிறது. அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. நீ எங்கே நின்றாயோ அதுவரை நானே நடந்து போய்ப் பார்க்கலாம் என்று தோன்றியது, அதனால்தான் ஆட ஆரம்பித்தேன். முதல் இடத்தில் உன் பெயரைத்தான் போட்டேன்.

மோல்டார்மை நான் கொல்லப்போவதில்லை. முடியாமல் விட்டேன் என்று நினைக்காதே, பதினோராவது தடவை கிட்டத்தட்ட முடிந்திருக்கும், தம்பியும் பார்த்தான். நீயும் அதன் முன்னால்தான் நின்றுகொண்டிருந்தாய், அதனால் நிறுத்திவிட்டேன். முத்து கிடைத்துவிட்டது. பெரிய சாவி இருக்கிறது. ஒரு பாட்டிலில் தேவதையைப் பிடித்து வைத்திருக்கிறேன். சேமித்தும் விட்டேன்.

இங்கே உன் அறையில் எதையும் மாற்றவில்லை. டிவியை அங்கேதான் வைத்திருக்கிறேன். எப்போது வருவாய் என்று கேட்கவில்லை. லீவு கிடைக்குமா என்றும் கேட்கவில்லை. லீவு போடத் தேவையில்லாத நிலைமை என்றாலும் எனக்கு ஒன்றும் இல்லை, வந்து எத்தனை நாள் வேண்டுமானாலும் இரு. காரணம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்லத் தோன்றினால், எந்த நேரமானாலும் எனக்கே போன் செய். அம்மாவிடம் கொடுங்கள் என்று சொல்லாதே.

நேரத்தோடு சாப்பிடு. தூங்கு.

வந்து ஆன் செய்தால் உன் பெயர் முதலில் இருக்கும். தேர்ந்தெடுத்ததும் எங்கிருந்து தொடங்குகிறாய் என்று கேட்கும். முன்பு உன் வீடு, சாங்சுவரி என்று இரண்டு இடம்தான் வந்துகொண்டிருந்தது. கிழவரை வீட்டில் கொண்டுபோய் விட்ட பிறகு மூன்றாவதாக மலைக் குகையும் வருகிறது. அதையே எடு. அவர் வீட்டுக்குள்தான் எழுந்திருப்பாய். முதலில் அவரிடம் பேசு, இதயமெல்லாம் நிரம்பிவிடும். அப்புறம் மேலே போகலாம்.

அன்புடன்,
அப்பா