மலம்புழா யட்சியும் வகுப்பறைக் களிமண்ணும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிச் சுற்றுலாக்கள் தொடங்கவிருக்கும் இவ்வேளையில், பாலக்காடு, பொள்ளாச்சி வட்டாரத் தலைமையாசிரியர்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். மலம்புழா அணைப் பூங்காவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்பவர்கள், அங்குள்ள யட்சி என்னும் பெண்ணுருவச் சிலையைப் பார்ப்பதற்கென்று ஒரு மணி நேரமாவது தனியே ஒதுக்க வேண்டும்; புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் அதே பிள்ளைகளின் கையில் களிமண்ணைக் கொடுக்க வேண்டும். மண்ணைப் பிசைந்த கை இருந்தால்தான் சிலையைப் பார்க்கும் கண் திறக்கும் என்பது ஓவிய ஆசிரியராகப் பணியாற்றிய காலம் முழுவதும் நான் கண்டறிந்த உண்மை.

இப்போது நடப்பது வேறு. பேருந்திலிருந்து இறங்கும் பிள்ளைகள் தொங்கு பாலம், ரோப் கார், பாம்புப் பண்ணை என்று ஓடி முடித்து, யட்சியின் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்த நிமிடமே கிளம்பிவிடுகிறார்கள். ஆடையற்ற உருவமாயிற்றே என்று கூச்சப்பட்டு, அந்தப் பக்கமே போகவிடாமல் வேறு வழியாகத் திருப்பிவிடும் ஆசிரியர்களும் உண்டு. கோயில் தூண்களைப் பார்த்தே வளரும் நம் பிள்ளைகளுக்கு இந்தக் கூச்சத்தைப் பெரியவர்களாகிய நாம்தான் ஊட்டுகிறோம்.

அந்தச் சிலையை 1969-இல் அமைத்தவர் சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்ற கானாயி குஞ்ஞிராமன். 30 அடி உயரத்தில், மலைத்தொடரைப் பின்னணியாகக் கொண்டு, திறந்த வெளியில் அமர்ந்திருக்கும் அவ்வுருவத்தை ஓரிடத்தில் நின்று பார்த்துவிட முடியாது. காலடியில் நின்றால் பாதமும் முழங்காலும்தான் கண்ணை நிறைக்கும். வானை நோக்கி நிமிர்ந்த அந்த முகத்தையும் பாதி மூடிய கண்களையும் காண வேண்டுமானால் பின்னோக்கி நடந்து செல்ல வேண்டும். எவ்வளவு தூரம் விலகினால் முழு உருவமும் பிடிபடுகிறது, பக்கவாட்டில் வந்தால் முதுகின் கோடு எங்கே வளைகிறது, வெயில் சாயும்போது நிழல் எங்கே விழுகிறது என்பதையெல்லாம் பிள்ளைகளே சுற்றிச் சுற்றி வந்து கண்டுபிடிக்கட்டும். கோவை அருகே பேரூர்க் கோயிலின் கனகசபை மண்டபத்தில் கல் சங்கிலியைப் பார்த்த பிள்ளையாக இருந்தால், அங்கே கல்லைக் கொத்தி நீக்கி நீக்கி உருவத்தை வெளிக்கொணர்ந்தார்கள், இங்கே சிமென்ட் கலவையைச் சேர்த்துச் சேர்த்து உருவத்தை வளர்த்தார்கள் என்று ஒரு வரி சொன்னால் போதும். பக்கத்திலேயே சண்டிகரின் நேக் சந்த் வடிவமைத்த பாறைத் தோட்டமும் இருக்கிறது. உடைந்த ஓடும் வளையலும்கூடச் சிற்பத்துக்கு உதவும் என்பதைப் பிள்ளைகள் அங்கே நேரில் காணலாம்.

இனி மண்ணுக்கு வருகிறேன். குளத்துக் களிமண்ணை ஊறவைத்து, கல்லும் வேரும் நீங்க வடித்து, கையில் ஒட்டாத பதம் வரும்வரை பிசைய வேண்டும். விரல் தடிமனில் திரித்து வளைத்தால் வெடிக்காமல் வளைய வேண்டும், அதுவே பதம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் செய்வது பெரும்பாலும் மாடுதான். கொம்பையும் வாலையும் தனியே உருட்டி உடம்பில் வெறுமனே ஒட்டிவைப்பார்கள். காய்ந்ததும் இரண்டும் உதிர்ந்துவிடும். இணைக்கும் இரு பரப்புகளையும் குச்சியால் கீறி, மண் குழம்பு தடவி அழுத்தினால் நிற்கும் என்பதை உதிர்ந்த பிறகு சொல்லிக்கொடுத்தால்தான் மனத்தில் பதிகிறது. கால்கள் மெலிந்திருந்தால் மாடு சரியும். காலைத் தடிப்பாக்குவதா, அகட்டி வைப்பதா, மாட்டைப் படுக்கவைத்துவிடுவதா என்று அந்தச் சிறு தலை யோசிக்கத் தொடங்குகிறதே, அதுதான் சிற்பப் பாடம். அப்படி யோசித்த பிள்ளை யட்சியின் முன்னால் நின்றால், இவ்வளவு பெரிய உடம்பின் கனம் எங்கே இறங்குகிறது என்று தானாகவே கேட்கும்.

இதற்குச் செலவு அதிகம் ஆகாது. சுடாத உருவங்களை மறுபடியும் தண்ணீரில் ஊறவைத்தால் அதே மண் அடுத்த வகுப்புக்கும் உதவும். சுட்டு வைத்துக்கொள்ள ஆசைப்பட்டால் குயவர்களை அழைக்கலாம். உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலுக்குப் பொங்கலையொட்டி மாட்டு உருவாரங்களைக் காணிக்கையாக வைக்கும் வழக்கமுள்ள பகுதி இது. பெரிய உருவத்தை ஏன் உள்ளே கூடாக வனைய வேண்டும், ஈரம் தங்கிய மண் சூளையில் ஏன் நீராவியால் வெடிக்கிறது என்பதைக் குயவர்களைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது. அவர்களை விருந்தினராக மதித்து, உரிய ஊதியமும் கொடுத்து வகுப்பறைக்குள் அழைத்துவர வேண்டும்.

கேரளப் பள்ளிகளின் பணி அனுபவ மேளாவில் களிமண் உருவம் செய்யும் போட்டி இருப்பது மகிழ்ச்சிக்குரியது. ஆயினும் போட்டிக்குத் தேர்வான பிள்ளைக்கு மட்டும் பயிற்சி அளித்துவிட்டு, மற்றவர்களை மண்ணைத் தொடவிடாமலே மேல்வகுப்புக்கு அனுப்பும் பள்ளிகளை நான் அறிவேன். தமிழ்வழிப் பிரிவு உட்பட எல்லா வகுப்புகளுக்கும் கால அட்டவணையிலேயே இதற்கொரு பாடவேளை ஒதுக்குமாறு இரு மாநிலக் கல்வி அதிகாரிகளையும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.