தலைப்பு எழுதும் துணை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்களின் மதிப்பிற்குரிய துணை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போதையில் மின்கம்பத்தில் ஏறி ஊரைக் கூட்டிய ஒருவரைப் பற்றிக் கடந்த வாரம் செய்தி போட்டிருந்தீர்கள். எந்த நாளிதழ் என்று சொல்லத் தேவையில்லை, எல்லாரும் செய்வதுதான். தலைப்பில் ‘குடி’மகன் என்று இருந்தது. ‘குடி’க்கு மட்டும் ஒற்றை மேற்கோள்குறி. வாசகருக்குச் சிலேடை பிடிபடாமல் போய்விடுமோ என்ற அக்கறை போலும்.

நான் பள்ளியில் சமூக அறிவியல் நடத்துபவள். அந்த வாரம்தான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். அடிப்படைக் கடமைகள் பற்றிய கேள்வி. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசமைப்பில் சேர்க்கப்பட்டவை என்பது வரை ஒரு மாணவி பிழையின்றி எழுதியிருந்தாள். அடுத்த வரி: “இந்தியக் ‘குடி’மகன் ஒவ்வொருவரும் தேசியக் கொடியை மதிக்க வேண்டும்.” குறும்பு என்று நினைத்துக் கூப்பிட்டுக் கேட்டேன். விழித்தாள். “பேப்பரில் அப்படித்தானே டீச்சர் போடுகிறார்கள்?” என்றாள். அந்தக் குறியும் எழுத்தோடு சேர்ந்தது என்றே நம்பியிருக்கிறாள். மதிப்பெண்ணைக் குறைக்கலாம்தான். யார் கணக்கில் குறைப்பது?

எனவே வேண்டுகிறேன்: குடித்தவரைக் குடிமகன் என்று எழுதுவதை விட்டுவிடுங்கள்.

வேடிக்கைப் பெயர்களுக்கு நான் எதிரி அல்ல. நறவு, தேறல், தோப்பி என்று பழம்புலவர்களே விதவிதமாகப் பெயர் சொன்ன பொருள் மது. இன்றைக்குச் சரக்கு, கட்டிங் என்கிறார்கள். 180 மில்லிக்குக் குவார்ட்டர். தண்ணி என்று சொல்லித் தண்ணீரின் பெயரையும் கெடுத்தாயிற்று. பாவம், அது வழக்குப் போடாது. நீங்களும் உங்கள் பங்குக்கு மதுப்பிரியர் என்றீர்கள், ஏதோ இசைப்பிரியர் மாதிரி. அதையும் பொறுத்துக்கொண்டோம். ஆனால் குடிமகன் என்பது ஓட்டுப் போடவும் உரிமை கேட்கவும் நமக்கு இருக்கிற சொல். வள்ளுவர் கள்ளுண்ணாமையை 93-ஆம் அதிகாரத்திலும் குடிமையை 96-ஆம் அதிகாரத்திலும் வைத்தார். நடுவில் இரண்டே அதிகாரம். அவருக்கு இந்தச் சபலம் வரவில்லை.

தமிழ்நாட்டில் 2003 முதல் மதுவின் சில்லறைக் கடைகளை அரசே நடத்துகிறது. பண்டிகை முடிந்ததும் விற்பனைத் தொகையைப் புதுப்பட வசூல் போலக் கொட்டை எழுத்தில் போடுகிறீர்கள். விற்பவருக்கு ஒரு பட்டப்பெயர் சூட்ட உங்களுக்கு இதுவரை நேரம் கிடைக்கவில்லை. வாங்கியவரைக் கேலி செய்யத்தான் நேரம் இருக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்களே, அவர்களுக்கும் ஒரு சிலேடை கைவசம் உண்டா?

மன்னிக்கவும். மடல் எங்கோ போகிறது.

கேட்பது ஒன்றே ஒன்றுதான். குடித்தவரைக் குடிமகன் ஆக்காதீர்கள். குடிகாரர் என்று எழுதுங்கள். மனம் இருந்தால், போதையில் இருந்தவர் என்று. தலைப்பில் இடம் போதாது என்பீர்களோ என்று எண்ணியும் பார்த்துவிட்டேன். குடிமகனுக்கும் 5 எழுத்து, குடிகாரருக்கும் 5 எழுத்து. அடுத்த தேர்வுக்கு முன்பே தொடங்கினால் எனக்குப் பேருதவியாக இருக்கும்.

பணிவுடன்,
ஒரு சமூக அறிவியல் ஆசிரியை