அண்ணே, அந்த பென்டிரைவைக் கொஞ்சம் மாத்துங்க

தர்மபுரி – கிருஷ்ணகிரி தடத்தில் ஓடும் தனியார் பஸ் டிரைவர், கண்டக்டர் அண்ணன்களுக்கு,

வணக்கம். காலை ஏழரைக்கு தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் ஏறி, ஜன்னலோரம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வழியாகக் கிருஷ்ணகிரி போய் வேலை பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே வழியில் திரும்புகிறவன் நான். ஆறு வருஷமாக இதுதான் பிழைப்பு. உங்கள் வண்டியில் எந்த ஸ்பீக்கர் கரகரக்கிறது என்பதுகூட எனக்குத் தெரியும் (பின் படிக்கட்டுக்கு மேலே இருப்பது). அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். ஒரு மாதத்துக்கு இளையராஜா பாட்டு போடாதீர்கள்.

இருங்கள், விசில் அடித்து இறக்கிவிடாதீர்கள். ஒருநாள் இதையே பக்கத்து சீட்டுப் பெரியவரிடம் சொல்லிப் பார்த்தேன். "ஏம்பா, காது நல்லாத்தான இருக்குது உனக்கு?" என்று கேட்டுவிட்டு, கிருஷ்ணகிரி வரும்வரை என் பக்கம் திரும்பவே இல்லை.

காது நன்றாகத்தான் இருக்கிறது. பிரச்சினையே அதுதான். இளையராஜா 1976-ல் ஆரம்பித்தவர், 1000 படங்களுக்கு மேல் இசை அமைத்திருக்கிறார். படத்துக்கு நாலு பாட்டு என்று கஞ்சத்தனமாகக் கணக்குப் போட்டாலும் 4000 ஆச்சு. உங்கள் பென்டிரைவில் இருப்பது எத்தனை? ஒரு மாதம் டிக்கெட்டுக்குப் பின்னால் குறித்து வைத்தேன், 40-ஐத் தாண்டவில்லை. அதே நாற்பது, ஏறக்குறைய அதே வரிசையில். எந்தப் பாட்டு வந்தால் தென்பெண்ணைப் பாலம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவேன்.

அந்த நாற்பதையாவது கேட்கிறோமா? அவர் பாட்டில் முதல் சரணத்துக்கு முன்னால் வரும் இசை ஒன்று, இரண்டாவது சரணத்துக்கு முன்னால் வருவது வேறு. மெனக்கெட்டுத் தனியாக எழுதியிருப்பார். அடியில் பேஸ் கிட்டார் தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டைப் பாடிக்கொண்டே போகும். உங்கள் கடைசி சீட்டுக்கு அடியில் இருக்கிற ஸ்பீக்கர் பெட்டி அந்த பேஸை 'டும்' என்று ஒரே சத்தமாக்கி என் முதுகெலும்புக்கு அனுப்புகிறது, வயலின் எல்லாம் ஏர்ஹாரனில் போய்விடுகிறது, அதையும் தாண்டி இரண்டாவது சரணம் எட்டிப்பார்க்கும்போது டிரைவர் அண்ணன் கை நீண்டு அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறது. மிச்சம் பல்லவிதான். முன்னூறாவது தடவை கேட்கிற பல்லவிக்கு எவனும் செல்போனிலிருந்து தலை தூக்குவதில்லை. ரசிகர் என்கிறோம், ஆனால் அவர் பாட்டை ஃபேன் சத்தம் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறோம்.

நம் ஊரில் பாரதக் கூத்து நடக்கிறதே, ஒரே கதையையா தினமும் ஆடுகிறார்கள்? ஒரு ராத்திரி வில் வளைப்பு, ஒரு ராத்திரி துகிலுரிதல், அர்ச்சுனன் தபசுக்கு மரம் ஏறுவதைப் பார்க்க ஒரு கூட்டம், கர்ண மோட்சத்துக்கு அழுவதற்கென்றே ஒரு கூட்டம். கர்ண மோட்சம் நன்றாகப் போகிறது என்று அதையே பத்து ராத்திரியும் போட்டால் கூத்து வாத்தியாரை ஊர் சும்மா விடுமா? கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சிக் கச்சேரியும் இப்போது உங்கள் பஸ் மாதிரிதான் ஆகிவிட்டது, அது வேறு கதை.

சரி, ராஜா வேண்டாம் என்றால் யாரைப் போடுவது என்பீர்கள். எஸ்.ஏ.ராஜ்குமாரைப் போடுங்கள். சிரிக்காதீர்கள். அவர் பாட்டில் கோரஸாக வருகிற அந்த 'லாலாலா'வை வைத்து மீம் போட்டுப் போட்டு நாம் அந்த மனிதரைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டோம், ஆனால் மூன்று பேர் சீட்டில் நாலு பேர் உட்கார்ந்து, மடியில் ஒரு பையும் பக்கத்து வீட்டுக் குழந்தையும் இருக்கும்போது, அந்த லாலாலா அளவுக்கு ஆளைச் சமாதானப்படுத்துகிற சத்தம் தமிழில் வேறு இல்லை என்பது என் கட்சி. தேவா என்றாலே கானா என்று ஓரம்கட்டிவிட்டோம், அவருடைய மெலடிகள் பாதிப் பேருக்கு வேறு யாரோ போட்டது என்று நினைப்பு. சிற்பி இருக்கிறார், சந்திரபோஸ் இருக்கிறார், சங்கர்–கணேஷ் இருக்கிறார்கள்.

ராஜாவைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொரு அடி வாங்கும் விஷயமும். 2017-ல் எஸ்.பி.பி.யின் வெளிநாட்டுக் கச்சேரிக்கு, தன் பாட்டை அனுமதி இல்லாமல் பாடக்கூடாது என்று அவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினாரே, அப்போது உங்கள் பஸ்ஸில் அவரைத் திட்டாத ஆள் இல்லை, அதுவும் அவர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே. எனக்கு அதில் தப்பு தெரியவில்லை. இத்தனை வருஷ நண்பருக்கு அனுப்பியது மனசுக்குக் கஷ்டம்தான், அது வேறு. ஆனால் பாட்டை உண்டாக்கியவனுக்கும் எழுதியவனுக்கும் ராயல்டியில் பங்கு உண்டு, அதை யாரும் எழுதி வாங்கிக்கொள்ள முடியாது என்று 2012-லேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. காரிமங்கலத்தில் ஏறுகிற ஒருத்தன், "வண்டி எப்படியும் போகத்தானே போவுது, எனக்கு எதுக்கு டிக்கெட்டு?" என்றால் கண்டக்டர் அண்ணன் விடுவாரா?

பழசு என்றாலே எனக்கு ஆகாது என்று நினைக்க வேண்டாம். பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் கயிற்றில் தொங்கும் காமிக்ஸைப் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன், இன்றும் வாங்குகிறேன். அங்கேயும் எனக்கு இதே சண்டை. இரும்புக்கை மாயாவி 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தவர். அதற்குப் பத்து வருஷம் முன்னால் இங்கிலாந்தில் வேலியன்ட் என்ற வாரப் பத்திரிகையில் வாரத்துக்குச் சில பக்கமாக வந்த கதை அது. அதனால்தான் நாலு பக்கம் தள்ளுவதற்குள் மாயாவி எங்காவது மாட்டிக்கொள்கிறார், வாசகன் அடுத்த வாரம் காசு கொடுக்க வேண்டுமே. மொத்தமாக ஒரே மூச்சில் படித்தால் ஸ்கூல் வாசல் வேகத்தடை மாதிரி தூக்கித் தூக்கிப் போடும். இதைச் சொன்னால் நண்பர்கள் என்னைத் துரோகி என்கிறார்கள். ஐரோப்பாவிலிருந்து வரும் கனமான கதைகளைக் கொடுத்தால் 'அழுகாச்சி காவியம்' என்று மூடி வைத்துவிட்டு, மாயாவி மறுபதிப்பு எப்போது என்று கேட்கிறார்கள். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பிரதி இருக்கும்.

டிவி வைத்த வண்டிக்காரர்களுக்கு ஒரே வரி: வடிவேலு காமெடியைத் துண்டு துண்டாகப் போடாமல் முழுப் படத்தையே போடுங்கள், கிளைமாக்ஸுக்கு முன்னால் கிருஷ்ணகிரி வந்துவிட்டாலும் பரவாயில்லை.

இதெல்லாம் எதற்கு என்றால், போன ஐப்பசியில் ஒரு மழைக்காலை. ஷட்டர் எல்லாம் இறக்கிவிட்டு உள்ளே ஒரே புழுக்கம். வழக்கமான சிவப்பு பென்டிரைவ் வேலை செய்யவில்லை என்று டிரைவர் அண்ணன் வேறொன்றைச் சொருகினார். பாட்டு வந்தது, யாருக்கும் தெரியாத பாட்டு. ஒவ்வொருவராக செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். எனக்கு முன் சீட்டில் மடியில் கீரைக்கட்டோடு இருந்த அம்மா மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார். என்ன பாட்டும்மா என்று கேட்டேன். "பேரெல்லாம் யாருக்குத் தெரியும், வாசல் தெளிக்கிற நேரத்துல சிலோன் ரேடியோவுல போடுவான்" என்றார். அப்புறம் தேடித் தெரிந்துகொண்டேன், வி.குமார் இசை. பாலசந்தரின் ஆரம்பகாலப் படங்களுக்கு இசை அமைத்தவர். அன்றைக்குக் காவேரிப்பட்டணம் வரை யார் கையும் அடுத்த பாட்டுக்குத் தள்ளவில்லை.

மறுநாள் பழைய சிவப்பு பென்டிரைவ் வந்துவிட்டது. நேற்றுப் போட்டது எங்கே என்று கேட்டதற்கு, "ஓனரோட மாமனாருது, மறந்து வெச்சிட்டுப் போனாரு, வாங்கிக்கினு போயிட்டாரு" என்றார் கண்டக்டர் அண்ணன். அந்த மாமனார் எந்த ஊர்? பாலக்கோடா, பாப்பாரப்பட்டியா? சொன்னால் ஞாயிற்றுக்கிழமை நானே போய் காப்பி எடுத்துக்கொண்டு வந்து தருகிறேன். (ராயல்டி பேசியவன்தான், தெரியும்.)

இப்படிக்கு,
பின் படிக்கட்டுக்கு மூன்றாவது சீட்டு, ஜன்னலோரம்