மேல் நீதிமன்றத் தீர்ப்புகளை மக்கள் வாசிக்கத் தாருங்கள்: திருகோணமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

நீதி அமைச்சின் செயலாளருக்கும் நீதிச்சேவை ஆணைக்குழுவுக்கும்,

வணக்கம்.

திருகோணமலை மேல் நீதிமன்றம் அண்மையில் வழங்கிய குற்றவியல் தீர்ப்பொன்றைப் பற்றி ஊரில் விசாரித்தால், எத்தனை வருடச் சிறை என்ற ஒரு விடைதான் கிடைக்கும். பத்திரிகையில் வருவதும் அவ்வளவுதான். எந்தப் பிரிவின் கீழ் குற்றவாளியாகக் காணப்பட்டார், தண்டனைகள் ஏககாலத்தில் கழிபவையா ஒன்றன்பின் ஒன்றாகவா, தண்டப்பணம் கட்டத் தவறினால் மேலதிகமாக எத்தனை மாதம், நட்டஈடு யாருக்கு என்பவை விடுபட்டுப்போகின்றன. மூன்று குற்றச்சாட்டுகளுக்குப் பத்துப் பத்து வருடம் ஏககாலத்தில் என்றால் கழிக்க வேண்டியது 10 வருடம். செய்தியில் அது 30 ஆகிவிடுகிறது. குற்றவாளியின் வீட்டாரும் பாதிக்கப்பட்டவரின் வீட்டாரும் அந்த எண்ணையே நம்புகிறார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகக் குற்றவாளிக்கு இருப்பதோ 14 நாள்.

உயர் நீதிமன்றத்தினதும் மேன்முறையீட்டு நீதிமன்றத்தினதும் தீர்ப்புகள் அவற்றின் இணையத்தளங்களில் வருகின்றன. 1987 இன் 13 ஆவது திருத்தம் உருவாக்கிய மாகாண மேல் நீதிமன்றங்களுக்கு அப்படியொரு ஒழுங்கு இல்லை. மாவட்ட நீதிமன்றத் தீர்ப்புகள் மீதான மேன்முறையீட்டை 2006 இன் 54 ஆம் இலக்கச் சட்டம் இந்த நீதிமன்றங்களிடம் ஒப்படைத்த பிறகு, காணிச் சொந்தக்காரர்களுக்கு இவற்றின் தீர்ப்புதான் பெரும்பாலும் கடைசிச் சொல். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்துக்குப் போக அனுமதி வேண்டும்.

குடியியல் வழக்கில் காலக்கணக்கே பலரை வீழ்த்துகிறது. மேன்முறையீட்டு அறிவித்தலை 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கில் தீர்ப்பு நாளும், ஞாயிறும், பொது விடுமுறைகளும் சேராது. மேன்முறையீட்டு மனுவுக்கு 60 நாள். அதில் விடுமுறைக் கழிவு கிடையாது. இரண்டையும் ஒரே மாதிரி எண்ணியவரின் மனு நியாயம் கேட்கப்படாமலே தள்ளுபடியாகும். இந்த 60 நாளும் தீர்ப்பு வாசித்த நாளிலிருந்தே ஓடுகிறது, பிரதி கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. குற்றவியல் வழக்கில் பிரதி எடுக்க வருபவர், வழக்குத் தொடங்கிய நீதவான் நீதிமன்றத்தின் இலக்கத்தோடு வந்து நிற்பதும் வழக்கம். குற்றப்பத்திரம் தாக்கலானதும் மேல் நீதிமன்றம் வேறு இலக்கம் கொடுத்திருக்கும். அதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அரச காணி விடயம் இன்னும் இறுக்கமானது. அரச காணிகளின் உடைமையை மீளப்பெறுவதற்கான 1979 இன் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் நீதவான் வெளியேற்றக் கட்டளை தந்தால் மேன்முறையீடு இல்லை. அந்தக் கட்டளையைத் திரும்பப் பார்க்கும்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் கேட்கும் மீளாய்வு மனு ஒன்றுதான் வழி, அதற்கும் விசேட சூழ்நிலையைக் காட்ட வேண்டும், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும். வெளியேறும் அறிவித்தலையே எழுத்தாணையால் (அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும் நீதிமன்ற ஆணையால்) தடுக்கலாம் என்று இன்றும் சிலர் மேல் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். 2013 இல் ஸ்டஃபர்ட் தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் அதை விசாரிக்கும் நியாயாதிக்கம் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இல்லையென்று முடித்துவிட்டது. மூதூரிலோ குச்சவெளியிலோ அறிவித்தலைக் கையில் வாங்கியவருக்கு இது முதல் நாளே தெரிய வேண்டும். எந்த அனுமதிப்பத்திரம் செல்லுபடியாகும் என்று இங்கே ஏற்கப்பட்டது, எது நிராகரிக்கப்பட்டது என்பது மீளாய்வுத் தீர்ப்புகளில்தான் இருக்கிறது, அவையோ பதிவறையில் கிடக்கின்றன. நீண்டகாலம் ஆண்டுவந்ததை வைத்துக் காணிக்கு உரிமை கோரும் ஆட்சியுரிமையும் அப்படியே. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் காணியை மீட்க நீதிமன்றத்துக்குப் போக முடியாமற்போனவர்களுக்காக 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 10 வருட ஆட்சிக் கணக்கில் இங்குள்ள நீதிமன்றங்கள் அதை எப்படிப் பொருத்தின என்பதை இடம்பெயர்ந்தவர்கள் எங்கே வாசிப்பது?

மொழியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அரசியலமைப்பின் 24 ஆவது உறுப்புரை வழக்கின் தரப்பினருக்கு மொழிபெயர்ப்பு உரிமை தருகிறது. கொல்லப்பட்டவரின் உறவினர் தரப்பினர் அல்லர், சாட்சிகள். தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட 1996 குமாரபுரம் படுகொலை வழக்கு இம்மாவட்டத்தை விட்டு அனுராதபுரத்துக்குப் போய், 2016 ஜூலையில் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு முன்னாள் இராணுவத்தினரும் விடுதலையானார்கள். அந்த நீதிமன்றத்தின் மொழி சிங்களம். குமாரபுரத்து மக்களுக்கு அந்த வழக்கேட்டைத் தமிழில் கொடுக்கும் கடமை யாருக்கும் விதிக்கப்படவில்லை. இது பெரும் அநியாயம்.

வெளியிடும்போது ஸ்கேன் செய்த படங்களைப் போடாதீர்கள், தேட முடியாது. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட கோப்பும் உதவாது. தேடினால் ஆங்கில எழுத்துகள்தான் அகப்படும். யுனிகோட்டில் வேண்டும். முதற்பக்கத்தில் இரு நீதிமன்றங்களின் இலக்கங்கள், சட்டப் பிரிவு, முடிவு, மேன்முறையீட்டுக்கான கடைசித் திகதி ஆகியன இருக்கட்டும். தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தால் ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கமாவது வேண்டும். பாலியல் குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டுவதைத் தண்டனைச் சட்டக்கோவை தடுக்கிறது. பெயரை மட்டும் மறைத்தால் போதாது. சின்ன ஊரில் பாடசாலையின் பெயரும் தகப்பனின் தொழிலுமே ஆளைக் காட்டிவிடும், ஆகவே அவற்றையும் நீக்க வேண்டும். இதைப் பதிவாளரின் மேற்பார்வையில் ஒருவர் பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும். தட்டச்சாளரின் தலையில் போடக்கூடாது.

2016 இன் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் நீதிமன்றங்களையும் மக்கள் தகவல் கேட்கக்கூடிய பகிரங்க அதிகாரசபைகளுள் சேர்த்திருக்கிறது. எல்லா மாகாணங்களிலும் ஒரே நாளில் தொடங்க முடியாதென்றால் திருகோணமலையில் தொடங்குங்கள், அதிலும் அரச காணி மீளாய்வுத் தீர்ப்புகளை முதலில் போடுங்கள்.

இப்படிக்கு,
திருகோணமலை நீதிமன்றங்களில் வழக்கேடுகளோடு நாளாந்தம் வேலை செய்வோர்